தாயாரம்மாள் சலித்த மணல்

எங்கள் வீட்டில் இப்போது சண்டை கிடையாது. பார்க்கிறவர்களுக்கு இது பெரிய சுகமாகத் தெரியும். எனக்குச் சோறு தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது. என் மாமியார் தாயாரம்மாள் போன தை மாதம் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால் ஏனென்று கேட்க ஆளில்லை. என் வீட்டுக்காரர் திருமலையிடம், நீங்களாவது ஏதாவது குறை சொல்லுங்களேன் என்று கேட்டால், நல்லாத்தானே இருக்கிறது என்பார். அந்த மனுஷனுக்கு எதைப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். இருங்காட்டுக்கோட்டைக் குடோனில் நாளெல்லாம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வருகிறவருக்குத் தட்டில் இருப்பது சோறா தவிடா என்றே தெரியாது.

அத்தையை அவள் இவள் என்கிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மரியாதை கொடுத்துச் சொன்னால் அவள் வேறு யாரோ போல ஆகிவிடுகிறாள். நாங்கள் பேசாமல் இருந்த நாள் உண்டு, சண்டை போடாமல் இருந்த நாள் கிடையாது. அதில் ஒரு சண்டை ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. என் வலது கைக் கட்டைவிரல் கையைச் சேர்ந்ததா, காலைச் சேர்ந்ததா என்பதுதான் வழக்கு. இன்றைக்கு யோசித்தால் அந்த வருஷம்தான் என் வாழ்க்கையிலேயே நிறைந்து இருந்த வருஷம் என்று தோன்றுகிறது. அப்போது யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

நான் அப்போது ஒரகடத்தில் கார் கதவுக்குக் கீல் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் லைனில் இருந்தேன். தகட்டை வைக்க வேண்டும், இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்த வேண்டும், மெஷின் இறங்கி ஏறியதும் துண்டை எடுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. சொன்னால் சிரிப்பீர்கள், அது எனக்கு அவ்வளவு பிடிக்கும். தகடு சரியாக உட்கார்ந்ததா என்று கண் பார்க்கவே வேண்டாம், கட்டைவிரலே சொல்லிவிடும். பக்கத்து மெஷினில் மெர்சி நிற்பாள். சர்ச்சில் பாடுகிறவள். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு ஷிஃப்ட் முழுக்கப் பாடுவாள். எல்லோருக்கும் கேட்கும், யாரும் அவளிடம் சொல்லமாட்டோம். ஓ.டி. முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் நானும் அவளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடுவோம். இறங்க வேண்டிய வடக்குப்பட்டு நிறுத்தம் தாண்டிப் போய், அங்கிருந்து திட்டிக்கொண்டே நடந்து வந்த கதை எத்தனையோ. அந்தத் தூக்கம் இப்போது மெத்தையில் படுத்தாலும் வருவதில்லை.

ஒரு கோடைக்காலத்தில் அந்த மெஷின், பட்டனை அழுத்தாமலேயே இரண்டாம் முறை இறங்கியது. துண்டை எடுக்கப் போன என் கை உள்ளே இருந்தது. வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். நான் பட்டனைத் தொடவே இல்லையே, நீ எப்படி இறங்கலாம் என்று அந்த இரும்பைப் பார்த்துக் கேட்டேனாம். மெர்சி சொல்வாள்.

வெட்டுப்பட்ட விரலை ஐஸில் வைத்து எடுத்துப் போக வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்பு வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். எப்படி வைக்க வேண்டும் என்று சொன்னதுதான் யாருக்கும் நினைவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்த வகுப்பு, பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தோம். கோடையில் கேன்டீனில் மோர் ஊற்றுவார்கள், அதற்கு ஐஸ் பாளம் வரும். மெர்சி ஓடிப்போய் ஐஸை உடைத்து எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, என் விரலை நடுவில் புதைத்து, மேலேயும் ஐஸைப் போட்டு, சந்தையில் மீனைப் பத்திரப்படுத்துவதுபோல் கொண்டுவந்தாள். சென்னை ஆஸ்பத்திரி வரைக்கும் அந்த டப்பாவை மடியிலேயே வைத்திருந்தாள்.

அங்கே டாக்டர் எழிலரசி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடி வைத்தார். விரலை ஈரத்துணியில் சுற்றி, கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டுமாம். ஐஸ் நேராகப் பட்டால் சதை செத்துவிடுமாம். அதை ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். மெர்சி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான்தான் அவளைத் திட்டி எழுப்பினேன். நீ என்ன டாக்டருக்கா படித்தாய், எழுந்திரு, மூக்கைத் துடை என்றேன்.

காயம் ஆறிய பிறகு டாக்டர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். கட்டைவிரல் இல்லாத கையால் எதையும் பிடிக்க முடியாது, மற்ற நான்கு விரலும் எதிரே ஆளில்லாமல் சும்மா நிற்கும் என்றார். காலில் இரண்டாவது விரலை எலும்போடும் நரம்போடும் ரத்தக்குழாயோடும் எடுத்துக் கையில் வைத்துக் கட்டைவிரல் ஆக்கலாம், நடப்பதற்கு ஒன்றும் ஆகாது என்றார். வீட்டுக்காரர் குனிந்து என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டாவது விரலில் மெட்டி.

கல்யாணத்தில் அம்மி மேல் என் காலை வைத்து அவர் போட்ட மெட்டி. அளவு தப்பாக வாங்கிவிட்டார்கள், ஏறவே இல்லை. கூட்டம் பார்க்க, இந்த மனுஷன் வியர்த்து வழிந்துகொண்டு என் விரலைத் திருகித் திருகி ஏற்றினார். நான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, விடுங்கள், நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று காதில் சொன்னேன். மாலைக்குள் தலையை மறைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு என் கண்ணில் இன்னும் இருக்கிறது.

விஷயத்தைக் கேட்டதும் அத்தை கொதித்துப் போனாள். புருஷன் செத்தால்தான் மெட்டியைக் கழற்றுவார்கள், இவர்கள் விரலையே எடுக்கிறேன் என்கிறார்களே என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

"எம் புள்ள குத்துக்கல்லாட்டம் உசுரோட கீறான். மெட்டி வெரல வெட்டிடுவாங்களாம். எந்த ஊரு நியாயம் இது?" என்றாள்.

அது ஒன்று என்றால், இன்னொன்றும் சேர்த்துச் சொன்னாள். கால்விரலைக் கையில் வைத்துக்கொண்டு அதால் சோறு பிசைவாயா, விளக்கு ஏற்றுவாயா, நாலு பேருக்குப் பரிமாறுவாயா என்று கேட்டாள். எங்கள் வீட்டில் தெரியாமல் ஒருவர் மேல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அந்த வீட்டில் காலையே கையாக வைத்துக்கொண்டு எப்படி நடமாடுவது என்பது அவள் கேள்வி. கேள்வியில் தப்பில்லை. ஆனால் எனக்குக் கை வேண்டும். டம்ளரைப் பிடிக்க, ஊக்குப் போட, மறுபடி வேலைக்குப் போய் நிற்க எனக்கு ஒரு கை வேண்டும். தலை வாரிக்கொள்ளக்கூட அவள் முன்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவள் இழுக்கிற இழுப்புக்கெல்லாம் ஆடிக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்க இப்படியா என்று நினைத்தால் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது.

மூன்று நாலு நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு காலையில், டூட்டிக்குக் கிளம்பிய வீட்டுக்காரர் வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே வாயைத் திறந்தார்.

"நான் உசுரோடதான்மா கீறேன். அவ கைதான் செத்துப் போச்சி," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தை வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் எனக்குத் தலை வாரும்போது எப்போதையும்விடப் பலமாக இழுத்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஆபரேஷன் வேண்டாம் என்ற பேச்சு அவள் வாயிலிருந்து வரவில்லை.

ஆபரேஷன் அன்று நகை எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். இரண்டு மெட்டியையும் நர்ஸ் வீட்டுக்காரரிடம் நீட்டினாள். அத்தை இடையில் புகுந்து வாங்கிக்கொண்டாள். காலையில் உள்ளே போன என்னை இருட்டிய பிறகுதான் வெளியே கொண்டுவந்தார்கள். அதுவரைக்கும் அவள் கையைத் திறக்கவே இல்லை என்று மெர்சி சொன்னாள். டீ வாங்கிக் கொடுத்தால்கூட இடது கையால் குடித்தாளாம். உள்ளங்கையில் மெட்டி அழுந்திய தடம் மறுநாளும் இருந்தது.

புது விரலைப் பார்க்க அழகு ஒன்றும் சொல்வதற்கில்லை. கொஞ்சம் ஒல்லி, நுனி உருண்டை, பட்டாணி அளவு நகம். மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து, அது சிவப்பாக இருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். ரத்தம் ஓடியது. ஒட்டிக்கொண்டது. டாக்டர் எழிலரசிக்கு என்னைவிடச் சந்தோஷம். பாதி வேலைதான் முடிந்தது, நரம்பு வளர்ந்து வந்து உணர்ச்சி வர வேண்டும், அது வந்தால்தான் இது விரல், இல்லாவிட்டால் வெறும் கொக்கி என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சட்டம் போட்டாள். அடுப்பு மேடையில் வலது கை படக்கூடாது. சாமி படத்துப் பக்கம் கூடாது. அவள் தட்டில் கூடவே கூடாது. அந்த விரலை அவள் அப்போதெல்லாம் கை என்று சொன்னதே இல்லை. ‘அத அந்தாண்ட வை’, ‘காலத் தூக்கிகினு வராத’ என்றுதான் சொல்வாள். நான் சும்மா இருப்பேனா? ஆமாம், கால்தான், இப்போது பாருங்கள் நடக்கிறது என்று சுவர் மேல் அந்த விரலை நடக்க விட்டுக் காட்டுவேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். வீட்டுக்காரர் சிரிப்பு வந்தால் பாத்ரூமுக்குள் போய்விடுவார்.

பயிற்சிக்கு ஒரு பேசினில் அரிசியைக் கொட்டி, அதற்குள் சின்னச் சின்னச் சாமான்களைப் புதைத்துவைத்து, கண்ணை மூடிக்கொண்டு அந்த விரலால் தேடி எடுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் அரிசி டப்பாவைத் திறந்ததுதான் தாமதம், அத்தை வந்து மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அரிசியில கால வுடுவியா? என் பொணத்து மேல நடந்து போய் வுடு," என்றாள்.

நானும் விடவில்லை. எனக்குக் கை வரக்கூடாது என்றுதானே நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. அவள் விறுவிறுவென்று வெளியே போனாள்.

பக்கத்து மனையில் வடநாட்டுப் பையன்களுக்கு வாடகைக்கு விட ரூம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை அங்கே போய் மேஸ்திரியிடம் சண்டை போட்டு ஒரு அன்னக்கூடை மணல் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குழாயடியில் அலசினாள். மொட்டைமாடியில் பழைய புடவையில் பரப்பிக் காயவைத்தாள். காய்ந்ததை மாவு சலிக்கும் சல்லடையில் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து சலித்தாள். வெட்டிய விரல், கல் குத்தினால் தாங்காது என்று முனகிக்கொண்டே சலித்தாள். அதை நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். கடைசியில் பேசின் நிறைய மணலைக் கொண்டுவந்து என் முன்னால் டங்கென்று வைத்தாள். அந்தச் சல்லடையில் பிறகு மாவு சலிக்கவில்லை, புதிதாக வேறு வாங்கினோம்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் எங்களுக்கு அதுதான் வேலை. அவள் புளியங்கொட்டை, சாவி, சட்டைப் பொத்தான், சோழி என்று எதையாவது புதைப்பாள். நான் கண்ணைத் திறந்தால் தொடையில் கிள்ளுவாள். தொட்டுச் சரியாகச் சொல்லிவிட்டால், ம் என்பாள். அந்த ‘ம்’ வாங்குவதற்காக நான் பட்ட பாடு இருக்கிறதே, பத்தாவது பரீட்சைக்கு அப்படிப் படித்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன். வெயில், மின்விசிறிச் சத்தம், மணலைக் கிளறும் சத்தம், தவறாகச் சொன்னால் அவள் திட்டும் சத்தம். அந்த மத்தியானங்களை யாராவது திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

ஆனால் அவளிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. மெல்ல மெல்ல அந்த விரலில் உணர்ச்சி வந்தது, ஆனால் கையில் வரவில்லை. மணலில் விரலைவிட்டால் மணல் என் காலில் பட்டது. சாவி இடறினால், கண்ணை மூடியிருக்கும்போது, இடது காலில், இல்லாத விரலில் இடறியது. கண்ணைத் திறந்தால் கை மணலில் இருக்கும், கால் மடித்துச் சும்மா கிடக்கும். டாக்டரிடம் கேட்டேன். அந்த நரம்பு இத்தனை வருஷம் காலென்றே மூளைக்குச் சேதி சொல்லிப் பழகியது, மாறுவதற்கு நாளாகும், சிலருக்கு முழுசாக மாறாமலும் போகலாம் என்றார். மெர்சியிடம் மட்டும் சொன்னேன். புதுச் செருப்பே காலுக்குப் பழக ஒரு மாசம் ஆகிறது, பொறுத்துக்கொள் என்றாள். எனக்கு அவள் சொன்னது ஏறவில்லை. எங்கள் வழக்கில் கிழவி சொல்வதுதான் நிஜமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. கால் என்று அவள் சொல்லும்போதெல்லாம் எதிர்த்துக் கத்தினேன், உள்ளே அது கால்தான் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் ஆடிக் கிருத்திகை வந்தது. வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போவதற்கு முன் வீட்டில் விளக்கேற்ற வேண்டும். அன்றைக்கு எனக்கு என்ன வீம்போ, அவள் வருவதற்குள் வலது கையால் தீக்குச்சியைப் பிடித்து உரசினேன். குச்சி பற்றியது, விரலுக்குள் திரும்பியது, நழுவிக் கோலத்தின் மேல் விழுந்து அணைந்தது. பின்னால் அத்தை நின்றுகொண்டிருந்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. வேறு குச்சியை எடுத்து விளக்கை ஏற்றிவிட்டுப் போனாள். எனக்கு அது ஆயிரம் திட்டைவிட அதிகமாக வலித்தது. கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். சூடு பட்டபோதுகூட எனக்குக் காலில்தான் சுட்டது.

அந்த வருஷம் ஐப்பசியில் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. நாளெல்லாம் சொட்டு மருந்து விட வேண்டும். வீட்டுக்காரர் இரண்டாவது ஷிஃப்ட்டில் இருந்த வரைக்கும் பகலில் அவரே விட்டார். பிறகு அவருக்குக் காலை ஷிஃப்ட் வந்துவிட்டது. நான் விடுகிறேன் என்றேன். வேண்டாம், எனக்கே வரும் என்று அத்தை பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது, ஒரு சொட்டு காதில் விழுந்தது. ஒன்று நெற்றியில் விழுந்து தலைமுடிக்குள் போனது. கண்ணில் ஒன்றும் விழவில்லை. கண் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"எரியுதுடி," என்றாள். சின்னப் பிள்ளை சொல்வதுபோல் இருந்தது. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பாயில் உட்கார்ந்து, வாருங்கள் என்று மடியைத் தட்டினேன். வந்து தலை வைத்துப் படுத்தாள். பாட்டிலை அழுத்தும் பலம் என் புது விரலுக்கு இல்லை, அதனால் மருந்து இடது கையில் இருந்தது. கீழ் இமையை இழுத்துப் பிடிக்க வேண்டியது வலது கைக் கட்டைவிரல்தான். அவள் முகத்துக்கு மேலே அதை வைத்துக்கொண்டு நான் தயங்கினேன்.

"அத்த, இதாலதான் புடிக்கணும். வேற வழி இல்ல," என்றேன்.

அவள் பார்வை மங்கிய கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் விரலை அவள் கண்ணுக்குக் கீழே வைத்தேன். தோல் வாழைப்பட்டையின் உள்பக்கம்போல வழவழவென்று இருந்தது, சூடாக இருந்தது. மெதுவாகக் கீழே இழுத்தேன். இமை படபடவென்று துடித்தது. பயப்படுகிறாள் என்று தெரிந்தது. எதனால் தெரிந்தது என்று அடுத்த நொடியில்தான் யோசித்தேன். நான் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, மருந்துப் பாட்டிலின் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் சொன்னது. அந்தத் துடிப்பு என் கையில் இருந்தது. காலை நீட்டி, மடக்கிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி இமை துடித்தது, மறுபடி கையில்தான் துடித்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டேன். சரியாக விழுந்தது. அந்த விரல் எப்போதும் மற்ற விரல்களைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். முகத்தில் கால் பட்டதுபோல் அவளுக்கு இருக்குமோ என்று அவசரமாக விரலைத் தூக்கப் போனேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கை ஜில்லுனு கீதுடி. எரிச்சலுக்கு நல்லா கீது. எடுக்காத," என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அவள் தூங்கிப்போகும் வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.